முன்பட்டப் பாத்தி

அறுபத்திரண்டாவது நாளும் ஒரு பூ இல்லை.

கிழவர் வெயில் ஏறுவதற்கு முன்பே வந்து, கொம்பு கொம்பாக நின்று, இலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். இலை என்றால் அப்படி ஓர் இலை. உள்ளங்கை அகலம், கறுத்த பச்சை, தொட்டால் எண்ணெய் தடவினதுபோல வழவழப்பு. கொடி கொம்பின் உச்சிக்குப் போய், அங்கே பிடிக்க ஒன்றும் இல்லாமல் காற்றில் துழாவி, மறுபடி கீழே இறங்கி அடுத்த கொம்பில் ஏறியிருந்தது. தட்டைப்பயறு அறுபது நாளில் முழ நீளக் காயாகத் தொங்க வேண்டும். இங்கே கணுவுக்குக் கணு இலைதான் இருந்தது.

ஊரில் அவருக்குச் 'சந்தேகம்' என்று பேர். பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பார். மழை பெய்கிறது என்றால் கையை வெளியே நீட்டி நனைத்த பிறகுதான் நம்புவார். யாராவது வணக்கம் சொன்னால், "எதுக்கு?" என்று கேட்பார். "சந்தேகம் வருது, நகருங்க" என்று தெருவில் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும். சிரிக்கிறவனை எதற்கு நம்ப வேண்டும் என்று விட்டுவிடுவார்.

காய்த் தரகர் வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு இறங்கினார். வாயில் பல்குச்சி.

"என்ன சந்தேகத்தாரே, காயை எங்கயோ ஒளிச்சு வெச்சுட்டு மறந்துட்டீங்களா? தெனமும் தேடுறீங்க."

"உனக்கு என்ன வேணும்?"

"வண்டியில இடம் விட்டு வெச்சிருக்கேன். கீழத்தெருவுல குத்துச்செடி போட்டவங்க மூணாவது பறிப்பு முடிச்சாச்சு. அங்க பேரன் எடுத்தாச்சு, இங்க இன்னும் பொண்ணு பார்க்கவே கிளம்பல."

"வரும், போ."

"எப்ப? என் தலை நரைச்சப்புறமா? இலைய வேணா கட்டிக் குடுங்க, கொண்டுபோறேன். ஆடுங்க உங்களை வாழ்த்தும்."

வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்த கிழவரின் மாப்பிள்ளை நிமிர்ந்தார். மண்வெட்டியை ஊன்றி அதன் மேல் சாய்ந்துகொண்டார்.

"ஆடு எதுக்குங்க? கூடை கூடையா எருவைக் கொட்டினவங்க இருக்காங்கல்ல, அவங்களையே திங்கச் சொல்லலாம்."

இரண்டு வரிசை தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கவில்லை. அவள் கை மட்டும் ஒரு நொடி நின்றது. பிறகு கோரையைப் பிடித்து வேரோடு இழுத்தாள். தரகர் பல்குச்சியைத் துப்பிவிட்டு, "சரி, நான் அப்புறமா வரேன்" என்று வண்டியைக் கிளப்பினார். புருஷன் பெண்டாட்டி பேச்சு நடக்கிற இடத்தில் வியாபாரி நிற்க மாட்டான்.

கிழவர் தூக்கிப் பிடித்த இலையை விட்டார். அது ஆடிவிட்டு நின்றது.

வீட்டிலும் இதே கதைதான். புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இருப்பது இரண்டு அறையும் ஓர் அடுப்படியும். அதற்குள் இரண்டு பேர் பேசாமல் இருப்பது என்றால் அது ஒரு வித்தை. இடையில் கிழவர்.

"மாமா, குடிக்கத் தண்ணி இருக்கான்னு கேளுங்க."

கேட்கப்பட வேண்டியவள் கையெட்டும் தூரத்தில் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள்.

"இருக்குன்னு சொல்லுங்கப்பா. அவ்வளவு பெரிய பானை கண்ணுக்குத் தெரியலையான்னும் கேளுங்க."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது மாமா. எதைப் பார்த்தாலும் இலையாத் தெரியுது, அவ்வளவுதான்."

முதல் இரண்டு நாள், "நான் என்ன தபால்காரனா? எனக்குச் சம்பளம் யாரு தருவா?" என்று கிழவர் சிரித்தார். மூன்றாம் நாள் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளை பரம்பரை வெள்ளாமைக்காரர் அல்ல. தையல் மெஷின் பழுது பார்த்தவர். ஊரில் யாரும் வீட்டில் தைக்காமல் போன பிறகு கடையைச் சாத்திவிட்டு, நாலு வருஷத்துக்கு முன் மாமனாரின் நிலத்துக்கு வந்தார். மெஷின்காரர் புத்தி அவருக்கு. எந்தத் திருகு எத்தனை சுற்று என்று அச்சடித்த தாளில் இருக்க வேண்டும். இருந்தால் அப்படியே செய்வார், ஒரு நூல் பிசகாது. பாத்திக்கு எட்டுக் கூடை எரு என்று விதைப் பண்ணைத் தாளில் இருந்தது. மகள் மண் வெளுத்துக் கிடக்கிறதே என்று ஆட்டுப்பட்டியிலிருந்து பன்னிரண்டு சுமந்து கொட்டினாள். இடுப்பு ஒடியச் சுமந்தாள். அந்த நாலு கூடைதான் இப்போது குடும்பத்தின் நடுவில் மலைபோல நிற்கிறது.

அன்று மத்தியானம் சோறும் அவித்த கீரையும் வைத்தாள். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாமா, வெள்ளிக்கிழமை நான் கிளம்புறேன். துறைமுகக் கிடங்குல ஆள் கேக்கறாங்களாம், எங்க அண்ணன் சொல்லி அனுப்பியிருக்காரு."

"எத்தனை நாளைக்கு மாப்பிள்ளை?"

"திரும்பி வர்ற மாதிரி இருந்தா சொல்றேன்."

அடுப்படியில் கரண்டி பாத்திரத்தில் பட்டு ஒரு சத்தம் வந்தது.

"அவசரப்படாதீங்க. கொடி பூக்கும்."

"எப்ப மாமா? தாளில நாற்பத்தெட்டு நாள்ல பூன்னு போட்டிருந்துச்சு. அறுபத்திரண்டு ஆச்சு. எருவு ஏறிப்போச்சு. அளவா செய்யத் தெரியாதவங்களோட நான் என்ன வெள்ளாமை பண்றது?"

கிழவர் சோற்றைப் பிசைந்தார். நாலு கூடை எரு கூடினால் காய் குறையும். பூவே இல்லாமல் போகாது. அதை அந்த ஊரிலேயே நிச்சயமாக அறிந்த ஒரே ஆள் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன வருஷம் நடந்தது இது.

அரசாங்க விதைப் பண்ணையிலிருந்து ஓர் அம்மா வந்தார். எங்கே போனாலும் தொங்கு தராசு ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டே போவார். ஊர் அவருக்குத் 'தராசம்மா' என்று பேர் வைத்துவிட்டது. தட்டைப்பயறில் எந்த ஜாதியை எந்தப் பட்டத்தில் போட்டால் பச்சைக் காய் கூடுதலாக வரும் என்று பார்க்க வேண்டுமாம். மூன்று ஜாதி, மாதத்துக்கு ஒன்றாக மூன்று விதைப்பு, மொத்தம் ஒன்பது பாத்தி. காய் முற்றுவதற்கு முன், உள்ளே பயறு புடைக்காத பிஞ்சுப் பருவத்தில், மூன்று நாளைக்கு ஒருதரம் பறித்து நிறுத்து எழுத வேண்டும்.

"அதுக்கு எதுக்கும்மா ஒன்பது பாத்தி? என்னைக் கேட்டா சொல்லிட்டுப் போறேன்."

"நீங்க சொல்றதைச் செடி சொல்லட்டும் பெரியவரே."

இந்தப் பதில் அவருக்குப் பிடித்தது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மூன்று ஜாதியில் ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும். அவர் அப்பா காலத்துக் கொடிப்பயறு அது. காயின் நுனி மட்டும் சிவந்திருக்கும், பேர் செம்மூக்கு. மற்ற இரண்டும் பண்ணையின் விதைகள். ஒன்று முழங்கால் உயரக் குத்துச்செடி, இன்னொன்று புதுக்கொடி.

முதல் விதைப்பு, அதாவது முன்பட்டம், பகல் நீண்டு கிடக்கிற காலத்தில். தராசம்மா கயிற்றைப் பிடித்து அளந்தார், கிழவர் ஊன்றினார். பாத்திக்கு ஓர் அட்டை, அட்டையில் ஜாதியும் தேதியும். அடுத்த வாரம் தராசம்மா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்து, இறங்காமலேயே நோட்டை நீட்டினார்.

"ரெண்டு மாசத்துக்கு என்னால வர முடியாது. அடுத்த விதைப்பும் நீங்களே போட்டுடுங்க. உங்களை நம்பி விட்டுட்டுப் போறேன்."

"என்னையா?" என்று கிழவர் சிரித்தார். அவரை அப்படி யாரும் சொன்னதில்லை.

ஒரு மாதம் போனது. இரண்டாவது விதைப்பு நாள் காலையில் அவர் முதல் பாத்திகளைப் பார்த்தார். குத்துச்செடி மொட்டு வைத்துவிட்டது. புதுக்கொடியும் கணுவில் மொட்டு எட்டிப் பார்க்கிறது. செம்மூக்கில் இலை மட்டும். அவருக்கு அது புதிதல்ல. அவர் அப்பா ஒரு பேச்சு சொல்வார்: "முந்திப் போட்டது மாட்டுக்கு, பிந்திப் போட்டது பூட்டுக்கு, நடுவுல போட்டதுதான் வீட்டுக்கு." பகல் நீளமாக இருக்கும்போது போட்டால் செம்மூக்கு கொடியாக ஓடும், காய்க்காது. மாட்டுக்குத்தான் ஆகும். ரொம்பப் பிந்தினால் ஈரம் போய் விதைகூடத் தேறாது, களஞ்சியத்தைப் பூட்ட வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்துதான் ஊன்றினார். ஆனால் தெரிந்திருப்பது வேறு, வரப்பில் போகிறவன் நின்று, "என்ன, பண்ணைச் சரக்கு மொட்டு விடுது, உங்க சரக்கு தூங்குது?" என்று கேட்பது வேறு. அன்று காலை இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

குனிந்தார். முன்பட்டப் பாத்தியில் இருந்த செம்மூக்கு அத்தனையையும் பிடுங்கினார். மண்ணைக் கொத்திச் சமன் செய்து, அதே பாத்தியில், அதே விதையை, அன்றைக்கே மறுபடி ஊன்றினார். அட்டை மட்டும் பழைய தேதியோடு நின்றது.

சோறு கொண்டுவந்த மகள் குவியலைப் பார்த்து நின்றாள்.

"என்னப்பா இது, பச்சைக் கொடிய இப்படிப் பிடுங்கிப் போட்டிருக்கீங்க?"

"அசுவினி. மொத்தமும் பேன் பிடிச்சுப் போச்சு. கொண்டுபோய் ஆட்டுக்குப் போடு."

அவள் ஒரு கொடியை எடுத்து இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கட்டிச் சுமந்துகொண்டு போனாள்.

தராசம்மா கைத்தடியோடு வந்தபோது பறிப்பு நடந்துகொண்டிருந்தது.

"இந்த முன்பட்டச் செம்மூக்கு ஏன் இவ்வளவு லேட்டு? ரெண்டாவது விதைப்போட சேர்ந்தே காய்க்குதே."

"அது கிழட்டு ஜாதிம்மா. மெதுவாத்தான் எழுந்திருக்கும். எழுந்துட்டா உட்காராது."

தராசம்மா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பூத்த நாள் கட்டம் காலியாக இருந்தது. கிழவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், "நாற்பத்தெட்டு." அதையும் எழுதிக்கொண்டார். சந்தேகப்படுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று உலகம் நினைக்கிறது. பொய்யை உள்ளும் புறமும் தெரிந்தவன்தானே சந்தேகப்படுவான்? இதை யாரும் யோசிப்பதில்லை.

கடைசியில் ஒரு தாள் அச்சடித்து வந்தது. முன்பட்டத்துக்கு ஏற்ற ஜாதி என்ற இடத்தில் முதல் பேர் செம்மூக்கு. கிழவருக்கு எண்கள் தெரியும், எழுத்து அவ்வளவாக வராது. மகள் அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். தாளை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பதினேழு வீட்டார் விதை கேட்டு வந்தார்கள். ஆளுக்கு ஒரு படி அளந்து கொடுத்தார். அவர் வாழ்நாளில் அத்தனை பேர் அவர் வாசலுக்கு வந்ததில்லை.

இதுவரைக்கும்கூட ஒரு கிழவனின் வீம்பு என்று விட்டுவிடலாம். அதற்கு மேல் நடந்ததுதான் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இந்த வருஷம் பகல் நீள ஆரம்பித்தபோது மாப்பிள்ளை அந்தத் தாளோடு வந்தார். கிழவர் கொடிக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, முன்பட்டத்துலயே செம்மூக்கு போடலாம்னு தாள் சொல்லுது. அப்ப சந்தையில பச்சைக் காயே இருக்காது, நம்மளுதுதான் முதல்ல போகும். முழுசா இதையே போட்டுடலாம்னு பார்க்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

கயிறு கையில் முறுக்கேறிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பார். அப்புறம் எல்லாம் வெளியே வரும்.

"தாள்ல போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும்."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "நீங்களே நம்பிட்டீங்களா! அப்ப சாமியே வந்து சொன்ன மாதிரி." அன்றைக்கே விதையை ஊற வைத்தார்.

மறுநாள் வியாழக்கிழமை தராசம்மா வந்தார். மாப்பிள்ளைதான் போன் செய்து வரவழைத்திருந்தார். ஊரை விட்டுப் போகிறவர் ஒரு காரணம் தெரிந்துகொண்டு போக நினைத்தார்போல. வானம் மூடியிருந்தது, மழை இல்லை, புழுக்கம். ஒடிந்த காலைச் சற்றே இழுத்தபடி தராசம்மா வரிசை வரிசையாக நடந்தார். வேரைத் தோண்டிப் பார்த்தார். கணுக்களை எண்ணினார். பின்னால் மூன்று பேரும் ஆளுக்கொரு இடைவெளி விட்டு நடந்தார்கள், ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல.

"நோய் இல்ல. பூச்சி இல்ல. தண்ணி?"

"தாள்ல சொன்ன மாதிரிதாங்க. அஞ்சு நாளைக்கு ஒருதரம்" என்றார் மாப்பிள்ளை.

"எரு?"

மகள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்திக்குப் பன்னெண்டு கூடைம்மா. எட்டுதான் போடணும். நான்தான் கூடப் போட்டேன்."

"கேட்டீங்களா? நாலு கூடை! நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார் மாப்பிள்ளை, தராசம்மாவைப் பார்த்து.

"கொஞ்சம் கூடத்தான். ஆனா இதுக்கே ஒரு மொட்டுகூட இல்லாம…" தராசம்மா உதட்டைக் கடித்தார். கொடியை ஒருதரம் பார்த்தார். "போன வருஷம் இதே பட்டம், இதே விதை, அப்படிக் கொட்டுச்சே. விதை வாங்கின மத்த வீட்டுல எல்லாம் மூணு வாரம் கழிச்சுத்தான் ஊன்றினாங்க, அங்க பார்த்தும் சொல்ல முடியாது. வேற காரணம் எனக்கும் தெரியலங்க. எரு மிகைன்னுதான் எழுத வேண்டியிருக்கு." நோட்டைத் திறந்தார்.

"எழுதுங்கம்மா" என்றாள் மகள். "என் கையாலதான் கொட்டினேன். என் பேரையும் போட்டுக்குங்க."

அவள் குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை. வேலை முடிந்து கூடையை இறக்கி வைக்கிறவள் குரல். கிழவருக்கு அது தாங்கவில்லை.

"எழுதாதீங்க."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எருவு இல்லம்மா. செம்மூக்கு முன்பட்டத்துல காய்க்காது. எங்கப்பன் காலத்துலயும் காய்க்கல, இப்பவும் காய்க்காது."

"போன வருஷம் காய்ச்சுதே பெரியவரே. நானே நிறுத்தேன்."

"நீங்க நிறுத்தது வேற. முன்பட்டத்துல போட்டதை நான் பிடுங்கிட்டேன். பிடுங்கிட்டு மறுபடி ஊன்றினேன். அட்டைய மாத்தல."

தராசம்மாவுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் முகத்தைப் பார்க்காமல் கிழவர் கொம்பைப் பார்த்தார்.

"என்னைக்குப் பிடுங்கினீங்க?"

"ரெண்டாவது விதைப்பு அன்னைக்கு."

"அன்னைக்கே ஊன்றிட்டீங்களா?"

"அன்னைக்கேதான்."

"அப்ப நாற்பத்தெட்டு நாள்?"

"வாயில வந்துச்சு, சொன்னேன்."

தராசம்மா பையிலிருந்து பழைய நோட்டை எடுத்தார். பக்கத்தைத் தேடிப் பிடித்து, முழங்காலில் வைத்து, ஒரு வரிசையின் மேல் கோடு கிழித்தார். பேனா தாளைக் கீறியது. ஒரு கோடு, அதன் மேல் இன்னொரு கோடு. கிழவர் திட்டுக்குக் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும்.

"காய்க்கலைங்கிறதும் ஒரு விடைதான் பெரியவரே" என்றார் தராசம்மா மெதுவாக. "பூஜ்யம்னு எழுதியிருப்பேன். பூஜ்யத்துக்காகத்தான் அந்தப் பாத்தியே போட்டோம்."

மாப்பிள்ளை மண்வெட்டியைக் கீழே வைத்தார். விழாமல், சத்தமில்லாமல் வைத்தார்.

"ஏன் மாமா?"

"என் விதை தோத்துடக் கூடாதுன்னு."

"தோத்தா என்ன?"

தோற்றால் என்ன என்று இத்தனை நாளில் ஒருதரம்கூட அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"நான் கேட்டேனே மாமா. நேரா வந்து கேட்டேனே. கயிறு திரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க."

"கேட்டீங்க."

"ஒரு வார்த்தை. வேணாம்னு ஒரு வார்த்தை."

"ஆமா."

"இவளை நான்…" என்று ஆரம்பித்த மாப்பிள்ளை நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் கேட்கிறவள் பக்கத்திலேயே நின்றாள்.

தராசம்மா நோட்டை மூடினார். வேலை தெரிந்தவர்கள் துக்கத்திலும் வேலையைத்தான் பேசுவார்கள்.

"அப்படியே விட்டீங்கன்னா பகல் குறுகினதும் தானா பூக்கும். பூக்கவே இன்னும் நாற்பது நாள், காய் பறிக்க அதுக்கு மேல ரெண்டு வாரம் ஆகும். அப்ப ஊருக்கே காய் வந்துடும், உங்களுது விலை போகாது. இன்னைக்கே அறுத்துட்டுக் குத்துச்செடி ஊன்றலாம். அதுக்கு நீளப் பகலும் ஒண்ணுதான், குட்டைப் பகலும் ஒண்ணுதான். நாற்பத்தஞ்சு நாள்ல பறிச்சுடலாம். விதை நான் அனுப்புறேன்."

மாப்பிள்ளை தோட்டத்தைப் பார்த்தார். அறுபது சொச்சம் நாள் உழைப்பு, தலைக்கு மேல் பச்சையாக நின்றது. அப்புறம் பெண்டாட்டியின் பக்கம் திரும்பினார். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு முதல்தடவை, இடையில் ஆள் வைக்காமல் கேட்டார்.

"அரிவாள் எங்க இருக்கு?"

அவள் அவரையே பார்த்தாள். பதில் சொல்லாமல் இருக்க அவளுக்கு உரிமை இருந்தது.

"பட்டிக் கூரையில சொருகியிருக்கேன்" என்றாள் கடைசியில். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. வண்டி எத்தனை மணிக்கு?"

"வண்டி கிடக்குது. விதையை யாரு ஊன்றுறது?"

கிழவரும் இன்னோர் அரிவாளை எடுக்கப் போனார். மாப்பிள்ளை அவரைப் பார்க்காமல் சொன்னார், "உங்க அப்பாவை நிழல்ல உட்காரச் சொல்லு. இங்க வேணாம்."

மகள் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

பட்டிக்குப் பின்னால், முதல் கட்டுக் கொடியைத் தலையிலிருந்து இறக்கிய மகளிடம் அவர் போய் நின்றார். ஆடுகள் கம்பிக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி இழுத்தன.

"உனக்குத் தெரியுமா?"

அவள் கட்டை அவிழ்த்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்கு நீங்க பிடுங்கிப் போட்ட கொடியில ஒரு அசுவினிகூட இல்லப்பா."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"எதுக்குப் பிடுங்கினீங்கன்னு அப்ப எனக்குத் தெரியல. உங்க பயறு, உங்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். இந்த வருஷம் அம்பதாவது நாள் பூக்கலையே, அன்னைக்குத்தான் புரிஞ்சுது."

"புரிஞ்சுதா? அப்ப ஏன் அவருகிட்ட சொல்லல? எருவு, எருவுன்னு அவரு வாயில வந்ததெல்லாம் பேசினாரே!"

அவள் ஒரு கை கொடியை எடுத்து ஆட்டுப் பக்கம் தள்ளினாள். இலை நொறுங்கும் சத்தம் கேட்டது.

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்."

கிழவர் நின்றார்.

"பன்னெண்டு நாள் பார்த்தேன்ப்பா" என்றாள். வெறும் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டுக்குப் போனாள்.

தராசம்மா கிளம்பும்போது, தாளைப் பார்த்து விதை வாங்கினவர்கள் பட்டியலைப் பையிலிருந்து எடுத்தார். "பதினேழு வீட்டுக்கும் நான் போய்ச் சொல்லணும். தப்பு என் தாள்லதானே போயிருக்கு."

"குடுங்க. நான் போறேன்."

"நீங்க சொன்னா கேப்பாங்களா?"

"நான் சொன்னதாலதாம்மா போட்டாங்க. 'சந்தேகத்துக்கே சந்தேகம் இல்ல'ன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனாங்க."

மறுநாள் காலை, மகள் பட்டியலை வாசித்தாள். தச்சர் வீடு, பம்பு ரிப்பேர்க்காரர் வீடு, இரட்டைக் கதவு வீடு என்று வரிசையாக மனதில் ஏற்றிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது மாப்பிள்ளை தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். இடுப்பில் குத்துச்செடி விதைப் பை. அவர் தாண்டிப் போனார். கிழவர் கூப்பிடவில்லை.

முதலில் தச்சர் வீடு. வாசல் பந்தல் முழுவதும் செம்மூக்கு ஏறி, கூரை ஓட்டைப் பிடித்திருந்தது. கீழே நின்றால் வெளிச்சமே பச்சையாக விழுந்தது. தச்சர் பெண்டாட்டி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்க, வாங்க! யாரு வீட்டுக்கும் வராதவரு வந்திருக்கீங்க. பாத்தீங்களா உங்க விதையோட லட்சணத்தை? போட்டு நாற்பது நாள்தான் ஆகுது, போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பார்த்துட்டுப் போறாங்க. நானும் ராத்திரி சோறு ஆக்கற நேரம் போக மீதி நேரமெல்லாம் இதுக்குத்தான் தண்ணி சுமக்கறேன்."

கிழவர் பந்தலைப் பார்த்தார். பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

"இவரு குத்துச்செடி போடலாம்னுதான் ஒத்தைக் காலில் நின்னாரு. நான் விடலையே! சந்தேகத்தாரு கை பட்ட விதைய விட்டுட்டு வேற எதை நம்புறதுன்னு ஒரு வாரம் சண்டை போட்டு நான்தான் போட வெச்சேன். உட்காருங்க, தண்ணி மோந்து தரேன்."

அவர் உட்காரவில்லை. உள்ளே இழைப்புளி மரத்தில் ஓடுகிற சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடும்மா."

"வேலையில இருக்காரு. எடுத்தா வைக்க மாட்டாரு. எங்கிட்டயே சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்."

"இல்லம்மா. நீ சொல்லக் கூடாது. அவரையும் கூப்பிடு. ரெண்டு பேரும் நிக்கும்போது நான்தான் சொல்லணும்."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலை மேலே படர்ந்திருந்த கொடியைப் பார்த்தாள், இலைகளுக்கு நடுவில், எதையோ தேடுகிறவள்போல.

"ஏங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "கொஞ்சம் வெளியே வாங்க."

இழைப்புளியின் சத்தம் நின்றது. கிழவர் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.